டேஷ்போர்டுக்குப் பின்னால் இருப்பதை வரைந்து கொடுங்கள்

மோட்டார்ஹோம் என்ற வீட்டுவண்டிகளின் உடலைக் கட்டும் நிறுவனங்களின் வடிவமைப்புப் பொறியாளர்களுக்கும் சேவைப் பிரிவு அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

முன்பக்கக் காற்றோட்டம் பற்றிய என் கேள்விக்குப் போன வாரம் உங்களில் ஒரு நிறுவனத்திடமிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது. முன்பக்க ஏசியும் ஹீட்டரும் சேசிஸை, அதாவது இன்ஜினும் சக்கரங்களும் அமைந்த அடிச்சட்டத்தைச் சேர்ந்தவை, அதனால் சேசிஸ் தயாரித்தவர்களைக் கேளுங்கள் என்று. அவர்களைக் கேட்டு ஏற்கெனவே நாலு மாதம் ஆகிறது. இன்ஜினும் கம்ப்ரசரும் எங்களுடையவை, டேஷ்போர்டும் அதற்குள் ஓடும் காற்றுக் குழாய்களும் உடல் கட்டியவர்கள் பொருத்தியவை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். இந்த அலைச்சல் உங்களுக்குத் தெரியாததல்ல, அதனால் நீட்டவில்லை. நான் கேட்பது ஒன்றுதான். டேஷ்போர்டுக்குப் பின்னால் எந்தக் குழாய் எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று ஒரு வரைபடம் கொடுங்கள்.

ஒரு படத்துக்காக இவ்வளவு பிடிவாதமா என்று தோன்றலாம். ஒரு மாலை நேரத்தைச் சொல்கிறேன்.

மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருந்தோம். விடாத மழை, வெளியே நல்ல குளிர். மோட்டார்ஹோமின் முன்கண்ணாடி எவ்வளவு பெரியது என்று அதைப் பொருத்திய உங்களுக்குத் தெரியும். உள்ளே நாலு பேரின் மூச்சும் நனைந்த உடுப்புகளும் சேர்ந்து கண்ணாடியில் ஈரம் படிய ஆரம்பித்தது. குமிழைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, காற்றைத் தள்ளும் விசிறியான புளோயரை முழு வேகத்தில் வைத்தேன். சத்தம் வந்தது, காற்று வரவில்லை. என் பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு திட்டு மட்டும் தெளிந்தது. என் மனைவி சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்து நின்று, துண்டால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். துடைத்துவிட்டுக் கையை எடுப்பதற்குள் அந்த இடம் மறுபடி வெளுத்துவிடும். எதிரே லாரி வந்தால் கண்ணாடி முழுக்க ஒரே வெளிச்சம், சாலையே தெரியாது. எட்டு டன் வண்டியை ஒதுக்கி நிறுத்த அந்தப் பாதையில் ஓரமும் கிடையாது. பதினோரு கிலோமீட்டர் அப்படியே வந்தோம். அவ்வளவு தூரத்துக்கும் அவர் சொன்னது ஒரே சொல்தான்: "மெதுவா."

அதற்கு முந்தைய கோடையிலேயே இந்த வண்டியை மூன்று பட்டறைகளில் காட்டியிருந்தேன். ஏசி சரியில்லை என்றதும் மூன்று பேரும் கேஸ் அழுத்தத்தைத்தான் பார்த்தார்கள். ஒருவர் கேஸ் முழுவதையும் எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினார். குளிர்ச்சி வேறு, காற்றோட்டம் வேறு என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. ஒரு சாதாரணத் தெர்மாமீட்டரை நடு வென்ட்டில், அதாவது டேஷ்போர்டில் காற்று வெளிவரும் வாயில், செருகினால் போதும். என் வண்டியில் 7 டிகிரி காட்டியது. அப்படியென்றால் கேஸிலும் குறையில்லை, கம்ப்ரசரிலும் குறையில்லை. குளிர்ந்த காற்று உண்டாகிறது, நம்மிடம் வந்து சேரவில்லை. ஹீட்டரிலும் அதே நிலைதான். வந்த காற்று சூடாகத்தான் இருந்தது, ஆனால் மூச்சுவிடுகிற அளவுக்குத்தான் வந்தது. சூட்டிலும் குளிரிலும் ஒரே மாதிரி காற்று குறைகிறது என்றால், இரண்டுக்கும் பொதுவான புளோயர், காற்றைத் திசைதிருப்பும் உள்கதவுகள், குழாய்கள் ஆகியவற்றில் ஒன்றில்தான் கோளாறு. இதைச் சொல்ல ஒரு பத்தி போதும். உங்கள் கையேட்டில் அந்தப் பத்தி இல்லை. முன்பக்க ஏசிக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். எந்தக் குமிழ் எதற்கு என்பதோடு அது முடிந்துவிடுகிறது.

கடைசியில் நானே இறங்கினேன். முதலில் புளோயர். நாலு வேகமும் வேலை செய்ததால், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெசிஸ்டர் நன்றாக இருக்கிறது என்று தெரிந்தது. அது எரிந்திருந்தால் பெரும்பாலும் முழு வேகம் மட்டும்தான் மிஞ்சும். அப்புறம் மீட்டர் வைத்துப் பார்த்தேன். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட், புளோயர் மோட்டாரில் 11.5. எர்த் ஒயரை இறுக்கியிருந்த திருகு துருப்பிடித்துக் கிடந்தது. சுரண்டி இறுக்கியதும் 13.4 வந்தது. மோட்டார் வேகமெடுத்தது காதிலேயே கேட்டது. ஆனாலும் வென்ட்டில் காற்று பெரிதாகக் கூடவில்லை. ஆக, புளோயர் தள்ளும் காற்று வழியிலேயே எங்கோ போகிறது.

அந்த 'எங்கோ'வைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. ஸ்டீயரிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பார்த்தால் ஒயர் கட்டுகள்தான் தெரிகின்றன. டேஷ்போர்டின் மேல்பலகையைத் தூக்கலாம் என்றால், அதன் திருகுகள் கண்ணாடி ஓரச் சட்டங்களுக்கு அடியில் இருக்கின்றன. அந்தச் சட்டங்களின் திருகுகள் திரைச்சீலைப் பெட்டிக்கு அடியில். ஒவ்வொன்றையும் எந்த வரிசையில் கழற்ற வேண்டும் என்று ஊகித்து ஊகித்துக் கழற்றினேன். இரண்டு பிளாஸ்டிக் கொக்கிகள் உடைந்தன. பலகையைத் தூக்கியபோது கண்ணாடிக்குப் போக வேண்டிய வளைகுழாய் கழன்று கிடந்தது. அதில் கிளாம்ப் இல்லை. வெறும் டேப் சுற்றி ஒட்டியிருந்தார்கள். பசை காய்ந்து, டேப் சருகாகி உதிர்ந்திருந்தது. முகத்துக்கு வரும் இன்னொரு குழாய் ஒயர் கட்டுக்கு அடியில் சிக்கித் தட்டையாக நசுங்கியிருந்தது. புளோயரைப் போட்டுக் கையை வைத்துப் பார்த்தேன். நல்ல வேகமான காற்று, டேஷ்போர்டின் பொந்துக்குள் வீசிக்கொண்டிருந்தது. என் மனைவி துண்டோடு நின்ற அந்த மாலையிலும் அந்தக் காற்று அங்கேதான் இருந்திருக்கிறது, கண்ணாடிக்கு ஒரு முழம் தள்ளி.

இரண்டு கிளாம்ப் போட்டு, ஒயர் கட்டை நகர்த்திக் கட்டினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மறுநாள் காலையில் கண்ணாடி முழுவதும் சில நிமிடங்களில் தெளிந்துவிட்டது. அதைப் பார்த்தபோது வந்த கோபத்தை இந்த மடலில் கொட்ட விரும்பவில்லை. ஒரு வரைபடம் கையில் இருந்திருந்தால் முதல் பட்டறையிலேயே இது முடிந்திருக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

என் வண்டியில் குழாய். வேறொரு வண்டியில் வேறொன்றாக இருக்கும். வேக்குவத்தால், அதாவது வெற்றிடத்தின் இழுப்பால், உள்கதவுகளை நகர்த்தும் வண்டிகளில், மேடு ஏறும்போது மட்டும் முகத்துக்கு வரும் காற்று நின்று கண்ணாடிப் பக்கம் போய்விடுவது உண்டு. பெட்ரோல் இன்ஜின் பாரம் இழுக்கும்போது வேக்குவம் குறைகிறது. அந்த நேரத்துக்கென்று சேமித்துவைக்கும் தொட்டியிலோ ஒருவழி வால்வுக்குப் போகும் மெல்லிய குழாயிலோ கசிவு இருந்தால் கதவு தன் இயல்பு நிலைக்கு, அதாவது கண்ணாடிப் பக்கத்துக்குத் திரும்பிவிடுகிறது. காரணம் தெரியாதவர் புளோயரையும் கம்ப்ரசரையும் மாற்றிப் பணத்தைக் கரைப்பார். சில வண்டிகளில் வெளிக்காற்று நுழையும் வாயில் வடிகட்டியே கிடையாது. சருகும் எலிக்கூடும் நேரே, காற்றைக் குளிர்விக்கும் காயிலான இவாப்பரேட்டரில் போய் அடைக்கும். முதலில் நன்றாக வந்து, அரை மணி நேரத்தில் காற்று சுருங்கி, நிறுத்தி வைத்தால் தண்ணீர் சொட்டி மறுபடி சரியானால் அது காயிலில் ஐஸ் கட்டுவது. இன்ஜின் பின்னால் இருக்கும் வண்டிகளில், இன்ஜின் சூட்டை ஹீட்டருக்குக் கொண்டுவரும் திரவமான கூலன்ட் முன்பக்கம் வர வண்டியின் முழு நீளத்தையும் கடக்க வேண்டும். நடுவே ஒரு வால்வு பாதி மூடியிருந்தாலும் ஹீட்டர் வெதுவெதுப்போடு நின்றுவிடும். அந்த வால்வு எங்கே இருக்கிறது? அதைச் சொல்லும் படமும் எங்களிடம் இல்லை.

வாங்க வருபவருக்கு நீங்கள் கட்டிலைக் காட்டுகிறீர்கள், சமையல் மேடையைக் காட்டுகிறீர்கள், டிவி எப்படி மடங்கும் என்று காட்டுகிறீர்கள். ஓட்டுபவர் ஒரு நாளில் ஆறு மணி நேரம் உட்காரும் இடத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. முன்பக்க ஏசி போதவில்லை என்று புகார் செய்தால், ஜெனரேட்டரைப் போட்டுக் கூரை ஏசியை ஓட்டிக்கொண்டே போங்கள் என்று உங்கள் சேவைப் பிரிவில் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். இரண்டு பேர் முகத்துக்குக் காற்று வர, 13,500 பிடியு குளிர்த்திறன் கொண்ட கூரை ஏசியையும் ஒரு ஜெனரேட்டரையும் நாள் முழுக்க ஓட்டி எரிபொருளை எரிக்க வேண்டுமா? சரி, வெயிலுக்கு அது ஒரு வழி என்றே வைத்துக்கொள்வோம். மழையில் முன்கண்ணாடியைத் தெளிய வைக்கக் கூரை ஏசி வராது. கண்ணாடியில் காற்றடிப்பதை வசதிக் கணக்கில் சேர்க்காதீர்கள். பிரேக்கைப் போல அதுவும் உயிர் காக்கும் பாகம்.

வேகமாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வண்டியை நாங்கள் நேசிக்கிறோம், அதைக் கட்டிய கைகள்மீது மரியாதையும் இருக்கிறது. பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்: விற்ற ஒவ்வொரு மாடலுக்கும் காற்றுக் குழாய், வேக்குவம் குழாய், கூலன்ட் வால்வு ஆகியவை இருக்கும் இடங்களைக் காட்டும் வரைபடத்தை வெளியிடுங்கள். பழைய வண்டிகளுக்கும் சேர்த்து வெளியிடுங்கள். கையால் வரைந்ததாக இருந்தாலும் போதும். புதிதாகக் கட்டும் வண்டிகளில் டேப்புக்குப் பதில் கிளாம்ப் போடுங்கள். நாலு திருகைக் கழற்றினால் கை நுழைகிற மாதிரி ஒரு மூடியும் வையுங்கள்.

என் சேசிஸ் எண்ணையும், கழற்றும்போது எடுத்த படங்களையும், திருகுகளைக் கழற்ற வேண்டிய வரிசையையும் உங்கள் சேவைப் பிரிவுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். வரைபடம் போடுபவருக்கு உதவும். குளிர்காலம் தொடங்குவதற்குள் எழுத்தில் ஒரு பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு மோட்டார்ஹோம் உரிமையாளர்