சுண்ணாம்பு வேலைக்காரனுக்கு

அன்புள்ள மாப்ளை,

உன் கடிதம் வந்து மாசக்கணக்காகிறது. திட்டித் தீர்த்திருப்பாய். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. பெரியவர் அதே கடையில்தான் டீ குடிக்கிறார், அதே சண்டையோடு. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கேரளத்தில் இரிஞ்சாலக்குடாவுக்கு மாற்றலாகி வந்த பிறகு, பக்கத்தில் மாளாவில் இருக்கும் யூதர் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அதன்பின் வேறு எதிலும் மனசு ஒட்டவில்லை. தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்ந்தவர்கள் இஸ்ரேலுக்குப் புறப்பட்டபோது, 1955-இல், ஜெப ஆலயத்தையும் இந்த நிலத்தையும் பஞ்சாயத்திடம் எழுதிக் கொடுத்துப் போனார்கள். கல்லறைகளைக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் பேச்சு. சுமார் 4 ஏக்கர். இன்று அடையாளம் தெரிகிற மாதிரி மிஞ்சியவை மூன்றே கல்லறைகள். ஒரு பகுதியில் விளையாட்டரங்கம் வந்துவிட்டது. உள்ளூர்க்காரர்கள் சிலர் விடாமல் போராடி வருகிறார்கள். அவர்களில் யாருக்கும் அங்கே சொந்தக்காரர் புதைக்கப்படவில்லை, பார்த்துக்கொள்.

கல் விழுந்துவிட்டால் காலி மனை என்று நினைத்துவிடுகிறோம். யூதர் வழக்கத்தில் அப்படி இல்லை. கல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் புதைத்த இடம் புதைக்கப்பட்டவருக்கே. தோண்டுவது பெரும் பிழை. நம்ம ஊர் சுடுகாட்டை வளைக்க வந்தபோது உன் அப்பா வரப்பில் உட்கார்ந்து மறித்தாரே, மாளாவில் நின்றபோது அவர் முகம்தான் மனசில் வந்தது.

கேரளத்துச் சேந்தமங்கலம் ஜெப ஆலய முற்றத்தில் ஒரு கல் நிற்கிறது. சாரா, இஸ்ரவேலின் மகள், 1269. இந்தியாவில் கிடைத்த எபிரெயக் கல்லறைக் கற்களில் அதுதான் மிகப் பழையது என்கிறார்கள். யாரோ அதைப் பத்திரப்படுத்தியதால்தானே அந்தப் பெண்ணின் பெயரை இன்று நாம் சொல்ல முடிகிறது! மாளாவில் மண்ணுக்குள் எத்தனை சாராக்களோ.

இப்போது உன்னிடம் வருகிறேன். மாளாக் கல்லறைகளில் பூச்சு உதிர்ந்த இடத்தில் வெட்டுக்கல், அதுதான் செம்புரைக்கல், தெரிகிறது. விரலால் தொட்டால் சிவப்புப் பொடி ஒட்டுகிறது. விரிசலில் ஓர் அரசங்கன்று வேர் விட்டிருக்கிறது. நல்ல மனசோடு யாராவது சிமெண்ட் பூசிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. ஈரத்தை உள்ளே பூட்டிக் கல்லை அரித்துவிடும் என்று கோயில் வேலையின்போது நீதான் கத்துவாய். அனுமதி இல்லாமல் கல்லில் கை வைக்க முடியாது. ஆனால் மனுவோடு வைக்க விவரமான குறிப்பு வேண்டும்: சுண்ணாம்பு எந்தப் பதம், கன்றைப் பிடுங்குவதா அறுப்பதா, மழைத்தண்ணீரை எந்தப் பக்கம் திருப்புவது. இதெல்லாம் உன்னை விட்டால் எனக்கு வேறு யார்?

இடவப்பாதி மழை, அதாவது இங்கத்துத் தென்மேற்குப் பருவமழை, பிடிப்பதற்குள் வா. தங்கச்சியிடம் நான் கேட்டதாகச் சொல், விடுவாள். எந்த வண்டி என்று எழுதினால் ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன்.

உன்,
ரா.