லாப் சொஃப்ட்வெயார் பற்றிய முறைப்பாடு – பொறுப்பான ஒருவர் பதில் தரவும்

வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளருக்கு,

வணக்கம். யாழ்ப்பாணத்தில பல்கலைக்கழக கொம்பியூட்டர் லாப் ஒண்டைப் பாக்கிறன். உங்கட ஆக்களோட போனில கதைச்சுக் களைச்சுப்போய்த்தான் இதை எழுதுறன். எஸ்பிஎஸ்எஸ், மேட்லாப் மாதிரிப் புள்ளிவிபர, கணக்கு சொஃப்ட்வெயார் எல்லாம் மெசின் மெசினாப் போடத் தேவையில்லை, சேர்வரில ஒருக்காப் போட்டாக் காணும், பிள்ளையள் ஒரு ஐகனை அமத்தினாச் சரி எண்டு சொல்லித்தானே வித்தனீங்கள். இப்ப முதல் போர்ட்டல் லொகின், பிறகு ஈமெயிலுக்கு ஓடிபி, பிறகு சேர்வரோட இணைக்கிற சின்ன பைல் ஒண்டு இறங்கும், அதைத் திறந்தா விண்டோஸ் திரும்பவும் பாஸ்வேர்ட் கேக்கும். பிரக்டிகல் நேரத்தில பாதி லொகினிலயே போகுது. லாப்புக்குள்ள, கம்பஸ் நெட்வேர்க்கில இருக்கிற பிள்ளைக்கு ஓடிபி என்னத்துக்கு?

அதைவிட மோசம் விண்டோவை மூடுற அந்த எக்ஸ் பட்டன். வேலை முடிஞ்சு பிள்ளை டெஸ்க்டொப் விண்டோவை எக்ஸ் பண்ணிட்டுப் போகும், செசன், அதாவது பிள்ளை திறந்த வேலை, சேர்வரில மூடுப்படாமல் அப்பிடியே கிடக்கும், லைசன்ஸும் அதோட மாட்டுப்பட்டிருக்கும், அடுத்த பட்ச் பிள்ளையள் வந்திருந்தா லைசன்ஸ் இல்லை எண்டு வரும். டிஸ்கனெக்ட் ஆன செசனைக் கொஞ்ச நேரத்தில தானா முடிக்க சேர்வரில செட் பண்ணலாம், அது உங்களுக்குத் தெரியும். அட்மின் பாஸ்வேர்ட் உங்களிட்ட இருக்கு, நாங்கள் தொட ஏலாது.

இதைச் சொல்ல எடுத்தா, உங்கட சப்போர்ட்டில ஒருத்தர், தமிழில கதைக்கிற ஆளைத் தாங்கோ எண்டு கேட்டதுக்கு "முதல்ல நீங்கள் கொம்பியூட்டர் தெரிஞ்ச ஆளைத் தாங்கோ" எண்டு சொல்லிப் போனை வச்சவர். லாப்பில பிள்ளையளுக்கு முன்னால நிண்டு கேட்டனான். அந்த அவமானத்தை நான் மறக்கமாட்டன்.

மேட்லாப் லைசன்ஸுக்கு பயர்வோலில 27000 எண்ட போர்ட்டை, அதாவது நெட்வேர்க் வாசலைத் திறந்தா எல்லாம் சரி எண்டதும் அவர்தான். திறந்தம். கரண்ட் போய் வந்தா திரும்பவும் படுத்திடும். ரெண்டாவது போர்ட் ஒண்டு இருக்கு, லைசன்ஸ் பைலில நம்பர் எழுதி வைக்காட்டி சேர்வர் எழும்பேக்க அது மாறும், பயர்வோல் மறிக்கும், இதை எங்கட நெட்வேர்க் தம்பிதான் இரவிரவா இருந்து கண்டுபிடிச்சவர். உங்கட வேலை அது.

கொழும்புக்கு வந்த கதையும் சொல்லோணும். சேர்வர் மாத்தினதால லைசன்ஸை மாத்தி எழுத ஒறிஜினல் கடிதம் கையில கொண்டு வாங்கோ எண்டனீங்கள். லீவு போட்டு, இரவு பஸ்ஸில நித்திரையில்லாமல் வந்தா, ரிசப்சனில இருந்த பிள்ளை "ஸ்கான் பண்ணி அனுப்பியிருக்கலாமே" எண்டுது. பொறுப்பானவர் அண்டைக்கு ஒஃபிசிலயே இல்லை.

இறுதியாண்டுப் பிள்ளையள் டேட்டா ஓட்ட ஏலாமல் அழுதுகள். சேர்வர் டெஸ்க்டொப்பில சேவ் பண்ணினது லொக் ஓஃப் பண்ண அழிஞ்சு போச்சு, ஒரு பட்சின்ர படிப்பையே பாழாக்கிப் போட்டியள்.

தயவுசெய்து, கம்பஸ் லொகின் ஒண்டிலயே எல்லாம் திறக்கச் செய்யுங்கோ. எக்ஸ் பண்ணின செசன் முடியோணும். பிள்ளையளின்ர பைல் அவையின்ர சொந்த போல்டரில நிக்கோணும். அடுத்த செமஸ்டர் தொடங்க முதல் செய்யாட்டி, வருசக் காசை நிப்பாட்டச் சொல்லிப் பதிவாளருக்கு எழுதுவன், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின்ர 1977 எண்ட போன் நம்பருக்கும் எடுப்பன். சண்டை பிடிக்க எனக்கு விருப்பமில்லை, ஆனா செய்வன்.

பதில் எழுத்தில வேணும். அந்த ஆளிட்ட மட்டும் இதைக் குடுக்காதேங்கோ.

இப்படிக்கு,
லாப் பொறுப்பாளர், யாழ்ப்பாணம்