மூன்று கிரவுண்டு பூங்காவில் சிமென்டுக்கு என்ன வேலை?

ஆசிரியருக்கு,

வணக்கம். தெருமுனைப் பூங்காவைப் ‘புதுப்பிக்கிறோம்’ என்று தகரத் தடுப்பு வைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. தடுப்பை எடுக்கும்போது புது வர்ணம், பெயர்ப்பலகை, எட்டு வடிவ நடைபாதை எல்லாம் இருக்கும். மண்தான் இருக்காது.

தியாகராய நகரையே எடுத்துக்கொள்வோம். 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து அந்த ஊரை வகுத்தவர்கள், நடுவில் பனகல் பூங்காவுக்கு இடம் விட்டுத்தான் தெருக்களை வகுத்தார்கள். இன்று அந்தப் பக்கம் புதிதாக ஒரு பூங்கா வர வழியில்லை. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தில் கட்டினால்தான் பத்து சதவீதத் திறந்தவெளி ஒதுக்கீடு என்ற பேச்சே எழும். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் நிலமாகவே கொடுத்தாக வேண்டும். அதற்குக் கீழே என்றால் பணமாகக் கட்டிவிட இடமுண்டு. தி.நகர், மேற்கு மாம்பலத்து மனைகளோ பெரும்பாலும் ஒன்று, இரண்டு கிரவுண்டு. பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி எழுப்பினாலும் பூங்காவுக்கு ஒரு சாண் நிலம் சேராது. ஆகவே இருப்பதைக் கெடுக்காமல் வைத்திருப்பதுதான் வேலை.

கணக்கைப் பாருங்கள். மூன்று கிரவுண்டு என்பது 7,200 சதுர அடி, சுமார் 670 சதுர மீட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை என்று வைத்தால் அந்தத் துண்டு நிலத்தில் மட்டும் ஒன்பது லட்சம் லிட்டருக்கு மேல் விழுகிறது. பாதி மண்ணுக்குள் இறங்கினாலும், 9,000 லிட்டர் லாரியில் ஐம்பது நடை. அதே இடத்தில் நாலு அங்குல காங்கிரீட் போட்டு மேலே பேவர் பிளாக் பதித்தால் அவ்வளவு தண்ணீரும் தெருவுக்கு ஓடும். பேவர் கல்லின் இடுக்கில் நீர் இறங்கும் என்பார்கள். அடியில் காங்கிரீட் இருக்கும்போது எங்கே இறங்கும்? கல்லைப் பதித்தே ஆக வேண்டுமென்றால் கெட்டித்த ஜல்லிப் படுகை, அதன்மேல் இரண்டு அங்குல மணல், ஓரத்தில் மட்டும் அணைகல் போதும். அதைவிட, ஐந்தடி அகலத்தில் கிராவல் கொட்டி உருளை ஓட்டிய பாதை மலிவு. வயதானவர்களின் முழங்காலுக்கும் இதம்.

ஏன் அப்படிச் செய்வதில்லை? ஒப்பந்ததாரருக்குப் பணம் எம்-புக்கில், அதாவது முடித்த வேலையை அளந்து எழுதும் பதிவேட்டில், ஏறும் அளவுக்குத்தான் வருகிறது. காங்கிரீட்டை நீளம், அகலம், கனம் என்று டேப் பிடித்து எழுதலாம். நிழலை எப்படி எழுதுவது?

பெரும்பாலான பூங்காக்களில் மட்டமும் தலைகீழாக இருக்கிறது. பாத்தியைச் சுற்றிச் சுவர் எழுப்பி, மண்ணைப் பாதையைவிட ஓரடி உயரத்தில் கொட்டுகிறார்கள். முதல் மழையிலேயே மண் கரைந்து பாதையில் சேறாகும். மண் பாதையைவிட நாலு அங்குலமாவது தாழ்ந்திருந்தால் ஓடுகிற நீர் தானே உள்ளே போகும். மரத்தடியைச் சுற்றி நாலுக்கு நாலடி வெறும் மண் வேண்டும். கழுத்துவரை சிமென்ட் பூசினால் வேருக்கு நீரும் காற்றும் போகாது, நாலைந்து ஆண்டில் மரம் நுனியிலிருந்து காய ஆரம்பிக்கும். கம்பி உரசுகிறது என்று ஒரு பக்கக் கிளைகளை மட்டும் வெட்டுவதும் தவறு. பாரம் மறுபக்கம் சாய்ந்து, அடுத்த புயலில் மரம் அந்தப் பக்கமே விழும். 2016 டிசம்பர் 12 வர்தா புயலுக்குப் பிறகும், காற்றில் எளிதில் சாயும் குல்மோஹர் கன்றை நடுகிறவர்களை என்ன சொல்ல! புங்கன், பூவரசு, மகிழம் இருக்கின்றன. மூன்றடிக் குழி, மரத்துக்கு மரம் இருபதடி இடைவெளி போதும்.

மழைநீரை நிலத்துக்குள் இறக்க உறைக்கிணறு வெட்டுகிறார்கள், நல்லதுதான். ஆனால் உள்ளே செங்கல் துண்டும் ஜல்லியும் கொட்டி மூடிவிடுகிறார்கள். இரண்டு மழைக்காலத்தில் வண்டல் அடைத்துக்கொள்ளும், பிறகு யாராலும் தூர் வார முடியாது. மூன்றடி விட்டத்தில் துளையுள்ள உறைகளை இறக்கி, உள்ளே காலியாக விட்டு, துளையுள்ள மூடி போட வேண்டும். நீர் வரும் வழியில் இரண்டடிச் சதுரத்தில் வண்டல் தொட்டி ஒன்று. அதைச் செப்டம்பரிலேயே சுத்தம் செய்துவிட வேண்டும். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் போன்ற கடலோர மணல் பகுதியில் பத்துப் பதினைந்தடியே போதலாம். களிமண் உள்ள இடத்தில் அந்த அடுக்கைத் தாண்டாமல் நிறுத்தினால் அது வெறும் தண்ணீர்த் தொட்டிதான், கொசுவுக்கு வசதி.

கொரியன் புல் வேண்டவே வேண்டாம். கோடையில் தினமும் தண்ணீர் கேட்கும். அதிலும் உட்காரக் கூடாதென்று பலகை வேறு. ஊஞ்சலுக்கு அடியில் ஓரடி மணல் இருந்தால் விழுந்த பிள்ளைக்கு அடி குறையும். சறுக்குமரம் மேற்கு பார்த்திருந்தால் பிள்ளைகள் வரும் நாலு மணிக்குத்தான் அது தோசைக்கல்லாகக் காயும். வடக்கு பார்த்து வையுங்கள்.

இத்தனையும் செய்துவிட்டுக் காலை பத்து மணிக்குக் கதவைப் பூட்டினால் யாருக்கு லாபம்? நடைப்பயிற்சிக்காரர்களை வைத்து மட்டும் நேரம் குறிப்பதால் வரும் வினை இது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. அந்த ஊழியர்கள் மதியம் டிபன் பாக்ஸைத் திறக்க, உணவு டெலிவரி இளைஞர்கள் வெயிலுக்கு ஒதுங்க, காவலாளிகள் முகம் கழுவ, ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரைதான் பூங்கா தேவை. நிழலில் நாலு பெஞ்சு, ஒரு குழாய், தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை என்றால் செலவு எவ்வளவு ஆகிவிடும்?

உங்கள் தெருப் பூங்காவுக்குப் புதுப்பிப்பு வருகிறது என்று தெரிந்தால் டெண்டருக்கு முன்பே ஏரியா சபைக் கூட்டத்தில் (வார்டுக்குள் பகுதிவாரியாக மக்கள் கூடும் கூட்டம்) வேலையின் செலவு மதிப்பீட்டைக் கேளுங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு நகல் கேட்கலாம். கைக்கு வந்ததும் முதலில் காங்கிரீட் எத்தனை கன மீட்டர் என்ற வரியைப் பாருங்கள். பிறகு மரக்கன்று, மண், தூர்வாரல் என்று எதற்காவது தொகை இருக்கிறதா என்று தேடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மேற்கு மாம்பலம், சென்னை – 33