2024-இல் என்னோடு இருந்த ஆல்பங்கள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. புது வேலை பழகிவிட்டது, இரவில் தூக்கமும் வருகிறது என்று படித்ததும் மனசு லேசானது. இங்கே எல்லோரும் சௌக்கியம். மகளுக்கு இது படிப்பு முடிகிற வருஷம், அதனால் வீட்டில் பேச்செல்லாம் அதைப் பற்றித்தான். மற்றபடி என்னிடம் இருப்பது பாட்டுச் சேதி மட்டும்தான், அதுவும் நீயே கிளப்பிவிட்டது.

நம் வயசுக்கு இனிப் புதுப் பாட்டு எதற்கு, பழசைக் கேட்டாலே காலம் ஓடிவிடும் என்று எழுதியிருந்தாய். என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. 2024-இல் என்னை அதிகம் ஆட்டிவைத்த ஆல்பங்களைப் போட்டவர்கள் பெரும்பாலும் நம்மைவிட மூத்தவர்கள். அவர்கள் இருபதிலும் முப்பதிலும் பாடியதைத் தேடித் தேடிக் கேட்டோம். அறுபதில் என்ன பாடுகிறார்கள் என்று கேட்க வேண்டாமா? நமக்கு இனி வரப்போவதை அவர்கள் இப்போது பாடிக்கொண்டிருக்கிறார்கள்.

பாடகி பெத் கிப்பன்ஸை எடுத்துக்கொள். அவர் பாடிய இங்கிலாந்துக் குழு போர்ட்டிஸ்ஹெட்டின் 'டம்மி' 1994-இல் வந்தது. அந்தக் குரலுக்காக நாம் இரவெல்லாம் விழித்திருந்தது உனக்கும் மறந்திருக்காது. முப்பது வருஷம் கழித்து, 2024 மே 17 அன்று, தன் பெயரில் மட்டும் முதல் தனி ஆல்பம் போட்டிருக்கிறார்: 'லைவ்ஸ் அவுட்க்ரோன்'. பத்தே பாட்டு, பத்து வருஷ உழைப்பு. தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்வது, தாய்மை, மாதவிடாய் நிற்கும் வயதில் உடம்பு மாறுவது, இதெல்லாம்தான் பொருள். இதைப் பற்றி இவ்வளவு நேராகப் பாடிய ஆல்பத்தை நான் கேட்டதில்லை.

தாளத்தைக் கவனித்துக் கேள். டாக் டாக் குழுவில் டிரம்ஸ் வாசித்த லீ ஹாரிஸ் இதில் இருக்கிறார். வழக்கமான டிரம் செட்டை ஒதுக்கிவிட்டு டப்பர்வேர் டப்பா, தகர டின், திரைச்சீலை அடைத்த பெட்டி என்று கையில் கிடைத்ததைத் தட்டியிருக்கிறார்கள். தயாரிப்பில் கூட இருந்த ஜேம்ஸ் ஃபோர்ட் பியானோ தந்திகளைக் கரண்டியால் தட்டியிருக்கிறார். அதனால் அந்தச் சத்தத்தில் பளபளப்பே கிடையாது, காதுக்குப் பக்கத்தில் யாரோ மரத்தைத் தட்டுகிறார்கள். 'ஃப்ளோட்டிங் ஆன் எ மொமென்ட்' பாட்டில் சாவை நோக்கிப் போவதைப் பற்றி அவர் பாடிக்கொண்டிருக்கும்போது குழந்தைகளின் குரல்கள் வந்து சேர்கின்றன. எழுதினால் மிகையாகத் தெரியும். கேட்கும்போது அப்படித் தெரியவே இல்லை. குரலில் பழைய நடுக்கம் அப்படியே இருக்கிறது, ஆனால் 'டம்மி'யில் இருந்த பயம் போய்விட்டது. எனக்கு அந்த வருஷத்தின் ஆல்பம் இதுதான், யோசிக்கவே வேண்டியதில்லை.

அதே மே 17 அன்றுதான் பாடகி பில்லி ஐலிஷின் 'ஹிட் மீ ஹார்ட் அண்ட் சாஃப்ட்' வந்தது. ஒருவருக்கு 59 வயது, இன்னொருவருக்கு 22. முன்கூட்டி ஒரு பாட்டைக்கூட வெளியிடாமல், முழுசாகக் கேளுங்கள் என்று பத்துப் பாட்டையும் ஒரே நாளில் கொடுத்தார் ஐலிஷ். வரிசை மாற்றாமல் கேட்டால் அதன் அருமை புரிகிறது. பியான்சேயின் 'கவ்பாய் கார்ட்டர்' 27 உருப்படிகளோடு வந்தது. அதில் பாதியைக் குறைத்திருந்தால் அதுவும் என் பட்டியலில் இருந்திருக்கும்.

அடுத்ததைச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். இங்கிலாந்து ராக் குழுவான தி க்யூர் பதினாறு வருஷத்துக்குப் பிறகு நவம்பரில் 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்' வெளியிட்டார்கள். எட்டுப் பாட்டு. முதல் பாட்டில் மூன்று நிமிஷத்துக்கு மேல் வெறும் வாத்தியம்தான், அப்புறம்தான் பாடகர் ராபர்ட் ஸ்மித் வாயைத் திறக்கிறார். கடைசிப் பாட்டு பத்து நிமிஷத்துக்கு மேல் ஓடுகிறது. ஐந்தாவது பாட்டின் கிட்டார் இரைச்சல் எனக்கு ஒட்டவில்லை. நான் தயங்கியது ஆறாவது பாட்டுக்காக. இறந்துபோன தன் அண்ணன் ரிச்சர்டுக்காக ஸ்மித் எழுதியது அது. எளிமையான பியானோ மெட்டு, அதன் மேல் அறுபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் தம்பியாக நின்று பாடுகிறார். உன் அண்ணன் இறந்துபோன வருஷத்தில் இதை உனக்கு அனுப்பலாமா என்று தெரியவில்லை. அவர் நம் இரண்டு பேருக்கும்தான் பாட்டுப் பைத்தியம் பிடிக்க வைத்தார். முதலில் நல்ல ஹெட்போன் வாங்கித் தந்தவரும் அவர்தான். மற்ற பாட்டுகளைக் கேட்டு முடித்துவிட்டு, மனசு தயார் என்று தோன்றும்போது ஆறாவதைக் கேள். அவசரம் இல்லை.

சரி, தமிழுக்கு வருகிறேன். பாடகி கானவ்யா பற்றி முன்பே உன்னிடம் சொல்லியிருக்கிறேன். நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். நவம்பரில் வந்த 'டாட்டர் ஆஃப் எ டெம்பிள்' ஆல்பத்துக்காக முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்களை ஹூஸ்டனில் கூட்டியிருக்கிறார். விஜய் ஐயர், எஸ்பெரான்சா ஸ்பால்டிங், ஷபாகா எல்லோரும் உண்டு. ஜாஸ் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' இங்கே கூட்டுப் பிரார்த்தனையாக மாறுகிறது. அவர் மனைவி ஆலிஸ் கோல்ட்ரேனின் 'ஜர்னி இன் சச்சிதானந்தா'வும் இருக்கிறது. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? கோயம்புத்தூர்ப் பக்கம் பிறந்து, 1969-இல் அமெரிக்காவின் உட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கிவைத்துப் பேசிய அதே சுவாமி சச்சிதானந்தர்தான். அவரைக் குருவாகக் கொண்ட அமெரிக்க ஹார்ப் கலைஞர் ஆலிஸின் 1971 இசை, அரை நூற்றாண்டு கழித்து ஒரு தமிழ்க் குரலில் கேட்கிறது. இதில் எனக்கு இருக்கிற சந்தோஷத்தை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. ஜாஸுக்குக் கர்நாடக இசையைத் தொட்டுக்கொள்ளக் கொடுக்கிற ஃப்யூஷன் வகை இல்லை இது. யாரும் யாருக்கும் திறமை காட்டவில்லை, கூடி உட்கார்ந்து பாடுகிறார்கள், அவ்வளவுதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாடகி அரூஜ் அஃப்தாபின் 'நைட் ரெய்ன்' இரவுக்கானது. பதினெட்டாம் நூற்றாண்டு ஹைதராபாத் கவி மஹ் லகா பாய் சந்தாவின் உருது வரிகள் 'நா குல்' பாட்டில் வருகின்றன, அதிலிருந்து தொடங்கு. நாலா சினெஃப்ரோவின் 'எண்ட்லெஸ்னெஸ்' பத்துப் பகுதிகளாக ஓடும் ஒரே இசை. ஹார்ப்பும் சிந்தசைசரும்தான் முக்கியம். அதைப் போன் ஸ்பீக்கரில் கேட்காதே, பாதி ஸ்வரம் காணாமல் போகும்.

ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சார்ல்ஸ் லாயிடை விட்டுவிடாதே. 'தி ஸ்கை வில் ஸ்டில் பி தேர் டுமாரோ' என்கிற இரட்டை ஆல்பம் அவருடைய 86-ஆவது பிறந்தநாளில் வந்தது. அந்த வயதில் சாக்ஸபோனில் மூச்சு எப்படி நிற்கிறது என்று வியந்துகொண்டேதான் கேட்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் வயசு மறந்துவிட்டது. ஜேசன் மோரானின் பியானோ அவருக்கு இடம் விட்டு விட்டு வாசிக்கிறது. பிரையன் பிளேட் டிரம்ஸில் எங்கே அடிக்காமல் இருக்கிறார் என்று கவனி.

கிப்பன்ஸை நீ கேட்டதும் எழுது. 'டம்மி'க்குப் பக்கத்தில் அதை வைப்பாயா, மேலே வைப்பாயா? நான் மேலே வைக்கிறேன், நீ சண்டைக்கு வருவாய் என்று தெரியும். அண்ணிக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்