கோத்தோங் ரோயோங்: வெட்டிய புல்லை யார் அள்ளுவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் முப்பது வருடம் பால்மரம் (ரப்பர்) சீவியவள் நான். அந்தத் தோட்டம் இப்போது செம்பனை. எங்கள் தாமானிலிருந்து (குடியிருப்பிலிருந்து) தமிழ்ப்பள்ளிக்குப் போகும் பாதையை லாலாங் புல் மூடியதால், பிள்ளைகள் சாலையில் இறங்கி நடந்தார்கள். செம்பனைக் குலை லோரிகள் ஓடும் சாலை அது. சிந்திய பழங்கள் நசுங்கி, மழை பெய்தால் எண்ணெய் பூசியதுபோல் வழுக்கும்.

சரி, நாமே இறங்குவோம் என்று பதினொரு பேர் ஞாயிறுதோறும் கோத்தோங் ரோயோங், அதாவது எல்லோரும் கூடித் துப்புரவு செய்கிறோம். சென்ற வாரம் லோங்காங்கில் (வடிகாலில்) கிடந்த ஒரு மைலோ டின்னைக் கவிழ்த்தேன். உள்ளே கொசுப்புழுக்கள் நெளிந்தன. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் போதும். என் பேத்தி டெங்கியில் படுத்தவள்; அந்த டின்னைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது.

வெட்டிய புல்லை அள்ள ஊராட்சி மன்றத்திடம் லோரி கேட்டோம். இரண்டு வாரமாக வரவில்லை. குவியல் சரிந்து மறுபடி லோங்காங்கை அடைக்கிறது. நிதி உள்ளவரை பொதுத் தெருக்களைப் பராமரிப்பது ஊராட்சி மன்றத்தின் பொறுப்பு என்று 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் சொல்கிறது. சாலைக் குழி அடைப்பதை நாங்கள் கையில் எடுக்க முடியாது. அது பழகியவர்கள் செய்ய வேண்டிய வேலை. நாங்கள் கேட்பது ஒரு லோரியும், சாலையோரம் நிற்பவர்களுக்கு ஒளிரும் சட்டையும்தான்.

வரும் ஞாயிறு காலை 7 மணிக்குக் கோயில் வாசலில் கூடுகிறோம். பாராங் கத்தி கொண்டு வருபவர்கள் கையுறையும் கொண்டு வாருங்கள்.

ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி,
சுங்கை சிப்புட், பேராக்