மழை பெய்தது சரி, எந்தப் பக்கமிருந்து வந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தின் அடியில் '32 டிகிரிக்கே தவிக்கும் இங்கிலாந்து' என்று ஒரு துண்டுச் செய்தி போட்டிருந்தீர்கள். டீக்கடையில் அதைச் சத்தமாகப் படித்துச் சிரித்தார்கள். 2022 கோடையில் ரெடிங் நகரத்தில் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்திருக்காவிட்டால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். அந்த வருஷம் ஜூலை 19-ஆம் தேதி லிங்கன்ஷயரில் கோனிங்ஸ்பி என்ற இடத்தில் 40.3 டிகிரி பதிவானது. அந்த நாட்டில் வெயில் 40-ஐத் தொட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. சேலத்துக்காரனுக்கு இதெல்லாம் ஒரு வெயிலா என்று வீறாப்பாகத்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் மின்விசிறி மாட்டாத வீடு, குளிர்காலத்துக்காகச் சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கிற மாதிரி கட்டின சுவர், ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் இறங்காத சூரியன். கன்னங்குறிச்சியில் கத்திரி வெயிலில்கூட நான் அப்படி வெந்தது கிடையாது. அது போகட்டும், நான் எழுத உட்கார்ந்தது வெயிலுக்கு அப்புறம் வருகிற இடியைப் பற்றியும், அதை நீங்கள் செய்தியாகப் போடுகிற விதத்தைப் பற்றியும்.

மூன்று நாள் நல்ல வெயில், அடுத்து ஒரு இடிமழை, அதோடு கோடை முடிந்தது என்று இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் ஊர்க் கோடையைத் தாங்களே கேலி பேசுவார்கள். மகள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருந்தார், என் வயதுதான். வெயில் ஏறினால் மற்றவர்கள் நிழல் தேடுவார்கள், இவர் தோட்டத்தில் நாற்காலி போட்டு தெற்குப் பக்கம் பார்த்து உட்கார்ந்துவிடுவார். கையில் ஒரு நோட்டு, மடியில் போன், போனில் ரேடார் படம். முதல் இடி கேட்ட நேரம், எந்தத் திசை, மின்னலுக்கும் சத்தத்துக்கும் நடுவில் எத்தனை விநாடி, ஆலங்கட்டி விழுந்தால் பட்டாணி அளவா கோலிக்குண்டு அளவா, எல்லாம் நோட்டில் ஏறும். எனக்கு அவர் பேசும் இங்கிலீஷில் பாதிதான் புரிந்தது, ஆனால் அவர் செய்த வேலை முழுசாகப் புரிந்தது, ஏனென்றால் முப்பது வருஷம் நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன், என்ன, நோட்டு போடாமல்.

நான் ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ மில்லில் கணக்கு எழுதியவன். குச்சிக்கிழங்கை அரைத்துப் பாலெடுத்து, தொட்டியில் மாவு தெளியவிட்டு, குருணையாக்கி வறுத்து, கடைசியில் களத்தில் கொட்டி வெயிலில் காயவைப்பார்கள். அதுதான் நீங்கள் பாயசத்தில் போடுகிற ஜவ்வரிசி. அந்தக் களத்தின் மேல் மார்ச், ஏப்ரலில் பத்து நிமிஷ மழை போதும், சரக்கு நனைந்து புளித்து நிறம் போய், விலை பாதிக்கு வந்துவிடும். மதியம் மூன்று மணிக்கு முதலாளி கல்லாவில் இருந்தபடியே "கணக்கு, தார்ப்பாய் எடுக்கச் சொல்லட்டுமா?" என்பார். நான் வெளியே வந்து கல்வராயன் மலைப் பக்கம் பார்ப்பேன். காலிஃப்ளவர் மாதிரி குமிழ் குமிழாக மேகம் எழும்பிக்கொண்டிருந்தால் ஒரு மணி நேரம் இருக்கிறது. அதன் தலை கொல்லன் அடைகல் போலத் தட்டையாகி ஒரு பக்கம் நீண்டுவிட்டால் அங்கே மழைக்கால் இறங்கிவிட்டது, இனி அது நம்மை நோக்கி நகர்கிறதா விலகுகிறதா என்று மட்டும்தான் பார்க்க வேண்டும். புழுக்கம் சட்டென்று விட்டு மண்வாசனையோடு குளிர்காற்று முகத்தில் அடித்ததா, அப்புறம் பேச நேரமில்லை, பெண்கள் பலகையைப் போட்டுத் தள்ள ஆரம்பிக்க வேண்டியதுதான். நாலு தடவைக்கு ஒரு தடவை நான் தப்பாகச் சொல்லி, வெயில் அடிக்க அடிக்கத் தார்ப்பாய்க்கு அடியில் சரக்கு வியர்த்துக் கிடந்து, திட்டு வாங்கியதும் உண்டு.

இரண்டு ஊர் இடியும் ஒன்றில்லை என்பதையும் அந்தப் பெரியவர் வரைந்து காட்டித்தான் தெரிந்துகொண்டேன். அங்கே பெரிய இடிமழைக்கு வேண்டிய சரக்கு ஸ்பெயின் நாட்டு மேட்டுநிலத்திலிருந்து வருகிறது. அங்கே காய்ந்த சூடான காற்று பிரான்ஸைத் தாண்டி வடக்கே வந்து, இங்கிலாந்தின் மேல் ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் இட்லிப் பானைக்கு மூடி போட்ட மாதிரி படுத்துக்கொள்கிறது. கீழே ஈரமும் சூடும் சேர்ந்து சேர்ந்து புழுங்கும், மூடி விடாது. அட்லாண்டிக் பக்கமிருந்து குளிர்ந்த காற்று வந்து தூக்கும்போது மூடி பிய்த்துக்கொண்டு ஒரேயடியாகப் பொங்கும். இதற்கு ஸ்பானிஷ் ப்ளூம் என்று பெயர். பெரும்பாலும் இது தெற்கிலிருந்து கடல் தாண்டி ராத்திரியில் வந்து சேரும். நான் இருந்தபோது ஆகஸ்டில் ஒரு ராத்திரி வந்தது, ஒரு மணி நேரத்துக்கு வானம் அணையவே இல்லை. பெரியவர் லுங்கி இல்லாத குறையாக வீட்டு உடுப்போடு வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார்.

நமக்கு மலைதான் அடுப்பு. காலையிலிருந்து சேர்வராயன் மலைச் சரிவில் வெயில் பட்டுப் பட்டு, மதியத்துக்கு மேல் அங்கேதான் முதலில் மேகம் கிளம்பும். கிழக்கே வங்கக் கடலிலிருந்து வருகிற ஈரக்காற்றும் மேற்கே கர்நாடகப் பக்கமிருந்து வருகிற காய்ந்த காற்றும் நம் தலைக்கு மேல் எங்கேயோ முட்டிக்கொள்ளும் நாளில் மாலை மூன்றிலிருந்து ஏழுக்குள் கச்சேரி. இங்கிலாந்தில் மேகத்தின் உச்சி 10, 12 கிலோமீட்டர் என்றால் நம் ஊர் மேகம் 15-ஐயும் தாண்டும். ஏற்காட்டில் கொட்டும், மூக்கனேரிக் கரையில் நிற்கிற எனக்கு வெறும் காற்றும் புழுதியும்தான் கிடைக்கும். 'அந்தி மழை அழுதாலும் விடாது' என்று பழமொழி சொல்கிறார்கள், சித்திரை மழையைப் பொறுத்தவரை அதைச் சொன்னவர் சேலத்தில் இருந்தவராகத் தெரியவில்லை. முக்கால் மணி நேரத்தில் முடிந்து, ராத்திரி எட்டுக்கு நட்சத்திரம் தெரியும்.

இப்போது உங்கள் பத்திரிகைக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம், நாற்பது வருஷ வாசகன் என்ற உரிமையில் சொல்கிறேன். ஏப்ரல், மே முழுக்க நீங்கள் போட்ட மழைச் செய்திகளை வெட்டி வைத்திருக்கிறேன். 'சூறைக்காற்றுடன் கனமழை, பொதுமக்கள் மகிழ்ச்சி', 'வெப்பச் சலனத்தால் மழை', 'குளிர்ந்த சூழல் நிலவியது'. எல்லாம் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடுகிறது. வாழை சாய்ந்தவனும் மாங்காய் உதிர்ந்தவனும் அந்த மகிழ்ந்த பொதுமக்களில் சேர்த்தியா என்று கேட்கத் தோன்றுகிறது. கீழே ஏற்காடு, ஓமலூர், மேட்டூர், சங்ககிரி, தம்மம்பட்டி, கரியகோவில் என்று மில்லிமீட்டர் பட்டியல். அது நல்ல விஷயம், அதை நிறுத்திவிடாதீர்கள். ஆனால் மழைமானி கணக்கு காலை 8.30-க்கு 8.30 எடுப்பது. செவ்வாய் சாயங்காலம் பெய்த மழை புதன் கணக்கில் ஏறி, வியாழக்கிழமைப் பத்திரிகையில் வருகிறது. எத்தனை மணிக்கு வந்தது, எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குப் போனது, காற்று முதலில் வந்ததா மழை முதலில் வந்ததா, ஆலங்கட்டி விழுந்ததா என்று ஒரு வரி கிடையாது. மழை என்பது வானத்திலிருந்து நேராக விழுந்துவிட்டுப் போகிற பொருள் மாதிரியே எழுதுகிறீர்கள். அது நடந்து வருகிறது சார். வாழப்பாடியில் நாலு மணிக்கு இருந்தது அயோத்தியாப்பட்டணத்துக்கு நாலே முக்காலுக்கு வந்தது என்று தெரிந்தால், அது போகிற வேகம் தெரியும். இப்படி இருபது நாள் கணக்கு கையில் இருந்தால், எந்த மலையில் கிளம்புவது எந்த ஊரை அடிக்கும் என்று ஒரு சுமாரான பிடி கிடைக்கும்.

ரேடார் இருக்கிறதே, இதெல்லாம் எதற்கு என்று உங்கள் நிருபர் கேட்கலாம். பிரிட்டன் முழுக்கப் பதினைந்து ரேடார் வைத்து ஐந்து நிமிஷத்துக்கு ஒரு படம் போடுகிறார்கள், நானே பெரியவர் போனில் பார்த்தேன். நமக்குச் சென்னையும் காரைக்காலும். காரைக்கால் சேலத்திலிருந்து நேர்கோட்டில் சுமார் 200 கிலோமீட்டர், சென்னை 280. பூமி வளைந்திருக்கிறது, ரேடார் கதிர் நேராகப் போகிறது, அதனால் இங்கே வந்து சேரும்போது காரைக்கால் கதிர் நாலு கிலோமீட்டர் உயரத்தில் போகும். மேகத்தின் கழுத்தைப் பார்க்கும், காலைப் பார்க்காது. ஏற்காட்டில் ஒரு ரேடார் வைப்பதாக மாநில அரசு அறிவித்தபோது மலைக்காரர்களைவிட நான்தான் அதிகம் சந்தோஷப்பட்டிருப்பேன். ஆனால் ரேடார் வந்தாலும் தரையில் பார்க்கிற கண் தேவைப்படும். இவ்வளவு கருவி வைத்திருக்கிற அந்த நாட்டிலேயே டோர்ரோ என்ற அமைப்பு 1974-லிருந்து, சூறாவளியும் இடிமழையும் கண்டவர்கள் எழுதி அனுப்புவதைச் சேர்த்து வருகிறது. அதற்கும் முன்னால், ஜார்ஜ் சைமன்ஸ் என்ற ஒருவர் 1860-இல் மழை அளக்கும் ஆட்களைச் சேர்க்க ஆரம்பித்து, அவர் 1900-இல் இறந்தபோது மூவாயிரம் பேருக்கு மேல் அளந்துகொண்டிருந்தார்கள். பாதிரியார், டாக்டர், பண்ணைக்காரர் என்று யார் யாரோ, எல்லாம் சம்பளம் இல்லாத வேலை. 1975 ஆகஸ்ட் 14 அன்று லண்டனில் ஹாம்ஸ்டெட் பகுதியில் மட்டும் மூன்று மணி நேரத்துக்குள் 170 மில்லிமீட்டர் கொட்டியதும், சில கிலோமீட்டர் தள்ளி ஒன்றுமே பெரிதாக இல்லாததும் இப்படி ஊருக்கு ஊர் அளந்து வைத்ததால் தெரிந்த சங்கதிதான்.

அப்புறம் மின்னல். இந்தியாவில் வருஷத்துக்கு 2,000 பேருக்கு மேல் மின்னலில் சாகிறார்கள், பெரும்பாலும் வயலிலும் மரத்தடியிலும். ஏற்காட்டில் கோடை விழா நடக்கிற அதே மே மாதம்தான் சேர்வராயன் மலையில் கோடை இடி உச்சத்தில் இருக்கிற மாதமும். சேர்வராயன் கோயில் மேட்டில், 1,600 மீட்டருக்கு மேல், மரம்கூட இல்லாத வெட்டவெளியில், மேகம் கறுத்து வரும்போது குடும்பம் குடும்பமாக நின்று போட்டோ எடுப்பதை இந்த மே மாதமும் பார்த்தேன். ஒரு பையன் "அர்ஜுனா அர்ஜுனா" என்று கத்திக்கொண்டிருந்தான், அவன் அப்பா சிரித்துக்கொண்டே வீடியோ எடுத்தார். மின்னலைப் பார்த்து எண்ண ஆரம்பித்து, இடி கேட்கும்போது வந்த எண்ணை மூன்றால் வகுத்தால் அது எத்தனை கிலோமீட்டர் என்று தெரியும். முப்பது எண்ணுவதற்குள் கேட்டால் காருக்குள் ஏறிவிட வேண்டும், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் இறங்கக் கூடாது. நான் போய்ச் சொன்னேன். "நாங்க கிளம்பிட்டேதாங்க இருக்கோம் பெரியவரே" என்றார், கிளம்பவில்லை. அன்று திரும்பும்போது மலைப்பாதையில் மரம் விழுந்து, கொண்டை ஊசி வளைவில் பஸ் ஒன்றரை மணி நேரம் நின்றது. இறங்கிப் போய்ப் புளிய மரத்தடியில் ஒதுங்கியவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள்.

புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிறுவனம் தாமினி என்று ஒரு செயலி விட்டிருக்கிறது. நம்மைச் சுற்றி 20, 40 கிலோமீட்டருக்குள் மின்னல் விழுவதைக் காட்டும், காசு கிடையாது. கோடை விழா சிறப்பிதழ் எட்டுப் பக்கம் போட்டீர்கள், மலர்க்கண்காட்சியில் எத்தனை லட்சம் பூ என்று இருந்தது, இதைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தி போட்டிருக்கலாம்.

கேட்பது இவ்வளவுதான். மழைப் பட்டியலுக்குக் கீழே ஒரு விரற்கடை இடம் ஒதுக்கி, வாட்ஸப் எண் ஒன்று கொடுத்து, 'நேரம், திசை, காற்று, ஆலங்கட்டி' என்று நாலே விவரம் கேளுங்கள். எஸ்டேட் கணக்கர்கள் எழுதுவார்கள், காபிப் பூவுக்கு மழை எப்போது வந்தது என்று அவர்கள் எப்படியும் குறித்து வைத்திருப்பார்கள். அம்மாபேட்டையில் தெருவில் நெசவுக்குப் பாவு விரிக்கிறவர்கள் எழுதுவார்கள், அவர்களைவிட வேகமாக மேகம் பார்க்கத் தெரிந்தவன் இந்த ஊரில் இல்லை. அடுத்த சித்திரை வரை காத்திருக்கவும் வேண்டாம், ஆடிக் காற்று அடங்கினதும் ஆகஸ்ட், செப்டம்பர் சாயங்காலங்களில் நமக்கு இடி மறுபடி வரும். என் நோட்டில் இந்த வருஷம் ஏப்ரலிலிருந்து 17 மழை இருக்கிறது, அதில் 11 வடகிழக்கிலிருந்து. நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன், 9-ஆவது பக்கத்தில் டீ கொட்டிவிட்டது, மன்னிக்கவும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சேகோ மில் கணக்கர்,
கன்னங்குறிச்சி, சேலம்.