எங்கள் ஸ்டூலுக்கு முதுகு கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு ஏன் முதுகுவலி வருகிறது என்று போன வாரம் உங்கள் பேப்பரில் ஒரு டாக்டர் எழுதியிருந்தார். நல்ல கட்டுரைதான், குறை சொல்ல வரவில்லை. நாற்காலி உயரத்தைச் சரிசெய்யுங்கள், சாய்மானத்தில் முதுகை ஒட்டி வையுங்கள், முழங்கையைக் கைப்பிடியில் வையுங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லியிருந்தார். டீ டைமில் கம்பெனி வாசலில் நின்று நான் அதைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்த, ஓவர்லாக் மிஷினில் தைக்கிற அக்கா கேட்டார், "ஏங்கண்ணு, நம்ம ஸ்டூல்ல சாய்மானம் எங்க இருக்குது?" எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வி மனசை விட்டுப் போகவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் 19 வருஷமாக சிங்கர் டைலர். (எந்தக் கம்பெனி மிஷினாக இருந்தாலும் ஒற்றை ஊசி மிஷினுக்கு இங்கே சிங்கர் என்றுதான் பெயர்.) நாங்கள் எப்படி உட்காருகிறோம் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. கண் ஊசி முனையிலேயே இருக்க வேண்டும், அதனால் தலையும் தோளும் முன்னால் கவிழ்ந்துவிடும். வலது பாதம் பெடலில். ஒவ்வொரு பீஸ் வைக்கும்போதும் எடுக்கும்போதும், துணியை அழுத்திப் பிடிக்கிற ஊசிப் பாதத்தைத் தூக்க, டேபிளுக்குக் கீழே இருக்கும் தகட்டை வலது முழங்காலால் பக்கவாட்டில் தள்ள வேண்டும். தைக்க வேண்டிய துணி பண்டல் இடது பக்கம் தரையில் கூடையில் கிடக்கும், அதை எடுக்க இடுப்பைத் திருப்பிக் குனிய வேண்டும். ஒரு நாளைக்கு 500, 600 பீஸ் என்றால் அத்தனை தடவை இத்தனையும். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் ஒன்றரை ஷிப்டு முடிந்து எழும்போது ராத்திரி எட்டரை. நடுவில் இரண்டு டீ, ஒரு சாப்பாடு. உட்காருவது பிளாஸ்டிக் ஸ்டூலில், அதன் மேல் கட்டிங் வேஸ்ட்டை உள்ளே அடைத்து நாங்களே தைத்த மெத்தை. ஏற்றுமதிக்குத் தைக்கிற ஊரில் எங்கள் குஷன் மட்டும் குப்பைத் துணி, சரி விடுங்கள்.

எனக்கு முதலில் சாயங்காலமானால் இடுப்பில் ஒரு பிடிப்பு, அவ்வளவுதான். தைலம் தேய்த்துக்கொண்டு போனேன். ஆறு மாதத்தில் அது வலது புட்டத்தில் இறங்கி, தொடையின் பின்பக்கமாகக் கெண்டைக்கால் வரைக்கும் சுண்டி இழுத்தது. இருமினால் கரண்ட் அடித்த மாதிரி இருக்கும். சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போனது. நரம்பு ஊசி என்று ஏழெட்டு போட்டார்கள். அப்புறம் ஸ்கேன். கீழ் முதுகில் எலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, ஆபரேஷன் தேவைப்படலாம் என்று சொன்னதும் வீட்டுக்கு வந்து பத்து நாள் படுத்தே கிடந்தேன். வலி குறையவில்லை, இடுப்பு இன்னும் விறைத்துக்கொண்டதுதான் மிச்சம். இரண்டு சனிக்கிழமை சம்பளமும் போனது.

கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பிசியோதெரபி பொண்ணு, என் மகள் வயதுதான் இருக்கும், ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, "மிஷின்ல எப்படி உட்காருவீங்க, காட்டுங்கம்மா" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டது. அதுவரைக்கும் யாரும் கேட்காத கேள்வி. உட்கார்ந்து காட்டினேன். ஸ்டூல் நுனியில் பாதிப் புட்டத்தில் உட்காருகிறேன், உடம்பு பாரம் முழுக்க ஒரே பக்கம், பெடல் தள்ளி இருப்பதால் காலை நீட்டியே வைத்திருக்கிறேன் என்று ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டியது. முன்னால் குனிந்தே உட்கார்ந்திருந்தால் கீழ் முதுகு டிஸ்க்கில் அழுத்தம் கூடும், அது பக்கத்தில் வரும் நரம்பை உரசினால் இடுப்பில் வலிப்பதைவிடக் காலில்தான் அதிகம் வலிக்கும், அந்த நரம்பு பாதம் வரைக்கும் போகிறது என்று புரிகிற மாதிரி சொன்னது. வலியே இல்லாத நாற்பது வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்தாலும் பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுங்கித்தான் இருக்குமாம், ஆபரேஷன் இல்லாமலே பெரும்பாலானவர்களுக்கு ஆறு வாரம், மூன்று மாதத்தில் குறைந்துவிடுமாம். இதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் பத்து நாள் அழுதுகொண்டு படுத்திருக்க மாட்டேன்.

இன்னொன்றும் கேட்டது, வேலைக்கு எப்படி வருகிறீர்கள் என்று. வீட்டுக்காரர் பைக்கில், சேலை கட்டி ஒருபக்கமாக உட்கார்ந்து, எட்டு கிலோமீட்டர், குழி ரோடு. இடுப்பு முறுக்கியபடியே குலுங்கிக்கொண்டு வந்து அதே இடுப்போடு ஸ்டூலில் உட்காருகிறேன். இப்போது சுடிதார் போட்டு இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருகிறேன். மாமியாருக்குப் பிடிக்கவில்லை. அந்தக் காலத்தில் நாங்கள் நாள் முழுக்க களையெடுக்கவில்லையா என்பார். எடுத்தீர்கள் அத்தை, ஆனால் வரப்பு வந்ததும் நிமிர்ந்தீர்களே. எங்களுக்கு வரப்பு கிடையாது.

பெண்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. கால் வலியோடு மூத்திரம் போவது தெரியாமல் போனாலோ வராமல் நின்றாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், தள்ளிப்போடவே கூடாது என்று அந்தப் பொண்ணு இரண்டு தடவை சொன்னது. மிஷின் லைனில் இருந்து எழ முடியாது என்று தண்ணீரே குடிக்காமல் அடக்கிப் பழகியவர்கள் நாங்கள், இது சீக்கிரம் தெரியாது என்கிற பயம் எனக்கு.

2021-இல் தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் திருத்தினார்கள். கேரளாவில் அதற்கு முன்னால் 2018-லேயே வந்துவிட்டது. ஜவுளிக்கடையில் நின்றே கால் வீங்கிய பெண்களுக்கு அது கிடைக்க வேண்டியதுதான். தொழிற்சாலைக்கு 1948-இல் எழுதிய சட்டத்திலும் நின்று வேலை செய்பவர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்று ஒரு பிரிவு போட்டார்கள், ஐந்து மணி நேர வேலைக்குள் அரை மணி இடைவேளை என்றும் போட்டார்கள். ஆனால் உட்கார்ந்தே இருப்பவள் நடுவில் இரண்டு நிமிஷம் எழுந்து நிற்கலாம் என்றோ, ஸ்டூலுக்குச் சாய்மானம் வேண்டும் என்றோ எங்களைப் பார்த்து யாராவது எழுதியிருக்கிறார்களா? கம்பெனியைச் சோதிக்க ஆடிட் வரும் நாளில் தீயணைப்பு சிலிண்டரைப் பார்க்கிறார்கள், நடைபாதையில் மஞ்சள் கோடு பார்க்கிறார்கள், கட்டிங் மாஸ்டர் கையில் இரும்பு கிளவுஸ் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். எங்கள் ஸ்டூலில் பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்தவர் ஒருத்தரும் இல்லை.

சம்பளத்தில் நூறு ரூபாய்க்கு 75 காசு இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடிக்கிறார்கள். இ.எஸ்.ஐ. டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தால் படுத்திருந்த நாளுக்கு 70 சதவீதம் கூலி கிடைக்கும் என்பது எனக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. பவர் டேபிள் என்கிற தையல் யூனிட்டுகளில் காண்ட்ராக்டில் தைப்பவர்கள் பலருக்கு அந்தக் கார்டே கிடையாது, அது தனிக் கதை.

சூப்பர்வைசரிடம் உயரம் மாற்றுகிற, சாய்மானம் வைத்த சேர் கேட்டேன். ஒருத்திக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்களே என்றார். கேட்கட்டுமே! கடைசியில் பழைய சாமான் கடையில் திருகு வைத்த சேர் ஒன்றை நானே வாங்கி வந்தேன். பெடலைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன், கூடையைத் தரையிலிருந்து ஒரு பெட்டி மேல் ஏற்றினேன். பண்டல் முடிந்தால் உதவிக்கு இருக்கிற கைமடிப் பொண்ணைக் கூப்பிடாமல் நானே எழுந்து போய் அடுத்ததை எடுத்து வருகிறேன். பீஸ் எண்ணிக்கை குறையவில்லை. கால் வலி முக்கால்வாசி போய்விட்டது. நான் எழுந்து போகிற அந்த இரண்டு நிமிஷத்தில் பக்கத்து மிஷின் அக்கா என் சேரில் வந்து முதுகைச் சாய்த்துக்கொள்கிறார்.

ஆசிரியர் ஐயா, உங்கள் டாக்டரை ஒரு நாள் எங்கள் லைனுக்கு அனுப்பி வையுங்கள். பெடல் மிதிப்பவர்களுக்கும் ஒரு கட்டுரை எழுதட்டும். உட்கார ஸ்டூல் நாங்கள் தருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு சிங்கர் டைலர், திருப்பூர்
(பெயர் போட வேண்டாம், சனிக்கிழமை சம்பளம் வாங்க வேண்டும்.)